வழக்கமாக வாழும் இடம்

வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போன நம்மவர் எவரும் அந்த நாட்டைத் தம் நாடென்று எண்ணி ஏமாந்ததில்லை. வேலை இருக்கும் வரை தங்கும் அட்டை. அட்டை இருக்கும் வரை மருத்துவம். குவைத்து அரசு 2017 அக்டோபரில் அயல்நாட்டவருக்கு மட்டும் அரசு மருத்துவமனைக் கட்டணங்களை உயர்த்தியபோது நம்மவர் முணுமுணுத்தனரேயன்றி வியப்படையவில்லை. இங்கிலாந்துக்குப் போகிறவர்களின் மனநிலை வேறு. அங்கே பிறந்தவர், வந்தவர் என்ற வேறுபாடு மருத்துவமனை வாயிலில் இல்லை, எல்லாருக்கும் எல்லாம் இலவசம் என்ற பேச்சைக் கேட்டே நம் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மறுபாதியை விளங்கிக்கொள்ள எங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் குளிர்காலம் தேவைப்பட்டது.

எங்கள் மகள் வட இங்கிலாந்தின் நகரொன்றில், அரசு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளோடு ஆறு மாதம் தங்கிவர வருகையாளர் விசா பெற்று நாங்கள் இருவரும் சென்றோம். போன இரண்டாம் மாதம், ஒரு நள்ளிரவில், எங்களுள் ஒருவருக்கு (எவர் என்பது இங்கே முக்கியமன்று) வலப்பக்க வயிற்றில் தாங்கொணா வலி. பித்தப்பையில் கல், அதனோடு அழற்சி. அவசரப் பிரிவில் எவரும் பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பெயர், பிறந்த தேதி, வலி எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். ஊசி போட்டார்கள், படம் எடுத்தார்கள், விடியற்காலையில் படுக்கைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

காலை பத்து மணிக்கு ஓர் அம்மையார் வந்தார். மருத்துவர் அல்லர். கையில் கோப்பு, குரலில் மிகுந்த பணிவு. "நீங்கள் வழக்கமாக எங்கே வாழ்கிறீர்கள்?" என்று கேட்டார். திருச்சிராப்பள்ளி என்றோம். எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லில் கணக்குத் தொடங்கிவிட்டது. அவசரப் பிரிவில் அளிக்கும் சிகிச்சைக்கு யாரிடமும் கட்டணம் இல்லை. ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்த நொடியிலிருந்து, அந்நாட்டில் 'வழக்கமாக வாழாதவர்' கட்டணம் செலுத்த வேண்டும், அதுவும் மருத்துவமனைக்கு அரசு வகுத்துள்ள விலையில் நூற்றுக்கு நூற்றைம்பது வீதம் செலுத்த வேண்டும் என்று விளக்கினார். உடனடித் தேவையான சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்திவைக்க மாட்டோம், அஞ்ச வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னபடியே நடந்தது. அறுவை சிகிச்சை நன்கு முடிந்தது. ஏறத்தாழ 7,000 பவுண்டுக்கான சீட்டும் வந்து சேர்ந்தது.

அதே கட்டடத்தில், இரண்டு மாடிக்கு மேலே, எங்கள் மகள் அந்நாட்டு முதியோரின் படுக்கைப் புண்களுக்கு மருந்திட்டுக்கொண்டிருந்தாள். இடைவேளையில் சீருடையோடு இறங்கி வந்தவள் சீட்டைப் படித்தாள். "அப்பா, நானே இந்த ஆஸ்பத்திரி ஆள்தானே?" என்றாள். ஆம், அவள் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவள். நாங்கள் அவளைச் சேர்ந்தவர்கள். ஆனால் இந்த உறவுமுறைக் கணக்கைச் சட்டம் போடுவதில்லை.

சட்டம் எதைப் போடுகிறது என்று அறியும் ஆவல் எங்களுக்கு அங்கேதான் பிறந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு வேறென்ன வேலை? நகர நூலகத்தின் கணகணப்பில் அமர்ந்து படித்தோம்.

தேசிய சுகாதாரச் சேவை, மக்கள் வாயில் 'என்.எச்.எஸ்.', 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அதை நிறுவிய அமைச்சர் அனூரின் பெவன் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமும் சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். அச்சேவை பெரும்பாலும் பொது வரியிலிருந்து நடப்பது. எனவே 'சந்தா கட்டினாயா?' என்று கேட்பதில்லை. 'குடிமகனா?' என்றும் கேட்பதில்லை. 'இங்கே வாழ்கிறாயா?' என்பதே கேள்வி. வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்கும் அதிகாரம் 1949-இலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. எனினும் 1982 அக்டோபர் வரை அதைப் பயன்படுத்தவில்லை. அவ்வளவு காலம் தயங்கியதற்குக் காரணம் உண்டு. பெவன் 1952-இல் வெளியிட்ட தம் நூலில் அதைத் தொட்டிருக்கிறார்: வந்து போகிறவரைப் பிரித்தெடுக்க முற்பட்டால், உள்ளூரில் வாழ்கிறவர் ஒவ்வொருவரும் தாம் வந்து போகிறவர் அல்லர் என்பதற்குச் சான்று சுமக்க வேண்டிவரும் என்பது அவர் வாதம்.

'வழக்கமாக வாழ்தல்' என்றால் என்ன? கல்வி உதவித்தொகை கேட்ட அயல்நாட்டு மாணவர் சிலரின் வழக்கில், 1982 டிசம்பரில், பிரபுக்கள் சபையின் நீதிபதி ஸ்கார்மன் பிரபு அதற்கு விடை கூறினார். ஒருவர் தாமாக விரும்பி, ஒரு நிலைத்த நோக்கத்தோடு, தம் அன்றாட வாழ்வின் ஒழுங்காக ஓரிடத்தில் சட்டப்படி தங்கினால், அது குறுகிய காலமாயினும் நெடுங்காலமாயினும், அதுவே அவர் வழக்கமாக வாழும் இடம். அழகான விளக்கம் என்றே எங்களுக்குப் பட்டது. இரத்தம், நிறம், பாஸ்போர்ட்டு எதுவும் அதில் இல்லை. நோக்கமும் அன்றாடமுமே உண்டு. அந்த விளக்கத்தின்படி எங்கள் மகள் அங்கே வாழ்பவள், நாங்கள் அல்லோம். எங்களிடம் கட்டணம் கேட்டது அநீதி என்று நாங்கள் இன்றளவும் எண்ணவில்லை. அந்த ஊராரின் வரிப்பணம் அது.

ஆனால் 2014-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் அந்த விளக்கத்தின் ஒரு பக்கத்தைச் சுருக்கிவிட்டது. விசா பெற்றே அந்நாட்டில் தங்கவேண்டியவர்கள், காலவரையறையற்ற தங்கும் அனுமதி கிடைக்கும் வரை, மருத்துவத்தின் பொருட்டு 'வழக்கமாக வாழ்பவர்' ஆகமாட்டார்கள். பத்துமணி நேரம் உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளை அவ்வூர்ப் பள்ளிக்கு அனுப்பி, அவ்வூர்க் கல்லறையில் ஒருவரை அடக்கமும் செய்திருக்கலாம்; சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் அங்கே வாழத் தொடங்கவில்லை. மருத்துவ உரிமை வேண்டுமெனில் விசாவோடு சேர்த்து நலவாழ்வு மேல்கட்டணம் ஒன்றை முன்னதாகவே செலுத்தியாக வேண்டும். 2015 ஏப்ரலில் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய அது, 2019-இல் 400, 2020-இல் 624 என வளர்ந்து, 2024 பிப்ரவரி முதல் 1,035 ஆயிற்று. சிறுவருக்கு 776. கணவன், மனைவி, இரு குழந்தைகள் கொண்ட குடும்பம் ஐந்தாண்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே 18,110 பவுண்டு கட்ட வேண்டும். அதன்பின் மாதந்தோறும் ஊதியத்தில் வரியும் பிடிக்கப்படும். அவ்வரியிலும் ஒரு பங்கு அதே சுகாதாரச் சேவைக்குத்தான் போகிறது. ஒரே கதவுக்கு இரண்டு முறை சுங்கம் வாங்குவதை நாங்கள் நியாயம் என்று ஏற்கமாட்டோம்.

மகளைப் போன்ற மருத்துவப் பணியாளர்களுக்கு இம்மேல்கட்டணம் இல்லை. 2020 மே மாதத்தில், பெருந்தொற்றின் உச்சத்தில், செவிலியரிடமும் வாங்குவதா என்ற கண்டனம் எழுந்தபோது, அதை முதல்நாள் நியாயப்படுத்திய பிரதமர் மறுநாளே விலக்களித்தார். மனச்சாட்சி ஒரே இரவில் வேலைசெய்ததை நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

பெவன் அஞ்சியதும் நடந்தது. 2018-இல் வெளிவந்த விண்ட்ரஷ் அவலம் நம் வாசகர் சிலருக்கு நினைவிருக்கலாம். கரீபியன் தீவுகளிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் முறையாக வந்து குடியேறியவர்கள், கையில் உரிய தாள் இல்லாத குற்றத்துக்காக வேலையும் வீடும் இழந்தார்கள். அவர்களுள் ஒருவர், 44 ஆண்டுகள் இலண்டனில் வாழ்ந்தவர், புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெறச் சென்றபோது, தங்கும் உரிமைக்குச் சான்று காட்டவேண்டும், அன்றேல் 54,000 பவுண்டு கட்டவேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய 'அன்றாடம்' நாற்பத்து நான்கு ஆண்டு நீளமானது. அதற்குத் தாள் இல்லை.

ஊர் திரும்பியபின் இதையெல்லாம் எங்கள் பங்கின் பெரியவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் இங்கிலாந்தில் 31 ஆண்டுகள் தொழிற்சாலையொன்றில் பொறியாளராக இருந்தவர். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். மனைவி மறைந்தபின் பிறந்த மண்ணில் கிடக்கவேண்டும் என்று இங்கே வந்து வீடு கட்டிக்கொண்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்களாவது இந்தியர். என் கதையைக் கேளுங்கள் ஐயா" என்றார்.

பேரனின் புதுநன்மைக்காக அவர் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். போன இடத்தில் நெஞ்சுவலி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதே பணிவான குரல், அதே கேள்வி. அவர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். பயனில்லை. 31 ஆண்டுகள் தேசியக் காப்பீடு கட்டிய கணக்கைச் சொன்னார். அதற்கும் பயனில்லை. நாட்டைவிட்டுப் போய் வேறிடத்தில் குடியமர்ந்தவர், குடிமகனேயாயினும், முன்பு எவ்வளவு கட்டியிருந்தாலும், வந்துபோகும் நாட்களில் வெளிநாட்டவரே. ஐரோப்பிய நாடுகளில் வாழும் பிரித்தானிய ஓய்வூதியருக்கு அரசுகளுக்கிடையே ஏற்பாடு உண்டு. இந்தியாவோடு அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. இதிலே ஒரு விந்தை: அதே மனிதர் 'நிலையாகத் தங்கவே திரும்பி வந்துவிட்டேன்' என்று உண்மையாகச் சொல்லக்கூடுமானால், வந்திறங்கிய நாளிலிருந்தே அவருக்கு அனைத்தும் இலவசம்.

மகன் காதருகே குனிந்து, "அப்பா, இங்கேயே இருக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்" என்று கெஞ்சியிருக்கிறான். இவர் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாமே?" என்று நாங்களும் கேட்டோம்.

"தஞ்சாவூர் ரோட்டிலே வீடு நிற்கிறது. கிணற்றடியில் நான் வைத்த இரண்டு தென்னை நிற்கிறது. அவளுடைய கல்லறைக்கு மாதாமாதம் மெழுகுவர்த்தி கொண்டுபோகிறேன். இதையெல்லாம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். எப்படிப் போடுவேன்?" என்றார். கட்டணத்தை மகனும் அவரும் சேர்ந்து ஓராண்டில் கட்டி முடித்தார்களாம்.

கட்டாமல் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: 500 பவுண்டும் அதற்கு மேலும் மருத்துவக் கடன் நிலுவையில் நின்றால் செய்தி குடிநுழைவுத் துறைக்குப் போகும், அடுத்த விசா மறுக்கப்படலாம். பேரப்பிள்ளையின் முகத்தை அடுத்த முறை கைப்பேசியில்தான் பார்க்கவேண்டியிருக்கும். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துவைத்துக்கொள்ளும் வழியையும் 2012-ஆம் ஆண்டின் விதிகள் ஊசிமுனை அளவாக்கிவிட்டன. அன்றாடப் பராமரிப்புக்கே பிறர் கை தேவைப்படும் நிலையில் இருக்கவேண்டும். அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது என்றும் மெய்ப்பிக்கவேண்டும். தெருவுக்கொரு செவிலியைப் பெற்று அனுப்பிய நம் ஊர்களில், பராமரிக்க ஆளில்லை என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது?

எங்கள் சீட்டின் ஒரு பகுதியைப் பயணக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றது. எஞ்சியதைத் தவணையாகக் கட்ட ஒப்புதல் பெற்றோம். மகளின் ஊதியத்திலிருந்து பதினாறு மாதம் போயிற்று. எங்கள் ஓய்வூதியத்திலிருந்து நாங்கள் அனுப்பிய தொகையை அவள் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள், மூன்றாம் முறை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் காலவரையறையற்ற அனுமதி வரும் நாளை எதிர்பார்த்திருக்கிறாள். அது வந்தால் 'வழக்கமாக வாழ்பவள்' என்று சட்டமும் ஒப்புக்கொள்ளும். அவள் அம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ வேலையிருப்பதாக எழுந்து போய்விடுவது வழக்கம்.

மகளுக்கு இது ஏழாம் மாதம். வருகிற கோடையில் மறுபடி செல்கிறோம். இம்முறை மூன்று மாதம் மட்டும். பித்தப்பை பற்றி ஏதேனும் தொல்லை உண்டா என்று காப்பீட்டுப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். எடுத்தாயிற்று, இங்கிலாந்திலேயே எடுத்தாயிற்று, பணமும் கட்டியாயிற்று என்று எழுதி, ரசீதின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம்.