செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று ஃபோனில் சொன்னால் ஷெட்டிலிருந்து வரும் முதல் கேள்வி: "செல்ஃப் அடிக்குதா சார்?"

அடிக்கவில்லை என்றால் பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டார். அது வேறு கதை.

அடிக்குது, ஆனா எடுக்கல. அந்தக் கதைதான் இங்கே.

*

வேண்டியவை நான்கு. காற்று, பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன். நான்கும் நேரத்துக்கு வர வேண்டும்.

காற்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டும்வரை.

எலி ஒயரையும் கடிக்கும். அதற்காகப் பானெட்டுக்குள் புகையிலை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாச்சை உருண்டை கட்டித் தொங்கவிடுகிறவர்களும். இரண்டுக்கும் பக்கத்திலேயே புழுக்கை கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

*

கீயை ஆன் வரை மட்டும் திருப்பு. செல்ஃப் அடிக்காதே. பின்சீட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று இரண்டு விநாடி ஒரு சத்தம். டேங்க்கில் மூழ்கிக் கிடக்கும் பம்ப், லைனில் பிரஷர் ஏற்றுகிறது.

ஏஸி, பாட்டு, பேச்சு மூன்றையும் நிறுத்தினால் கேட்கும்.

சத்தம் இல்லையா, ஃபியூஸ் பார். அடுத்து ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே உருப்படிதான், இடம் மட்டும் வேறு. இதைக் கழற்றி அதில் செருகலாம். ஹாரன் போகும், வண்டி கிளம்பும்.

ஹாரன் இல்லாமல் நம் ஊரில் வீடு போய்ச் சேர்வது தனிப் பிரச்சினை.

*

டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டு, அதே நேரம் இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். தேய்ந்த பம்ப் சில சமயம் எழுந்துகொள்ளும். இது ரிப்பேர் இல்லை. பம்ப் செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

*

"சார், கரண்ட் இருக்கு. பெட்ரோல்தான் ஏறல."

ஷெட் பாஷையில் கரண்ட் என்றால் பிளக்கில் விழும் பொறி.

கழற்றிய பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. முகர்ந்து பார்த்தாலே தெரியும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் பிளக்கைக் கழற்ற நிறைய பேருக்கு இப்போது பொறுமை இல்லை. நேரே லேப்டாப்.

*

டீசலில் மூக்குக்குப் பதில் கண். செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை: டீசல் போகிறது, எரியவில்லை. புகையே இல்லை: டீசல் போகவில்லை.

பழைய டீசல் என்றால் ஏர் எடுத்துவிடுவார்கள். கை பம்ப்பை அமுக்கி, நட்டைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை.

காமன் ரெயில் வண்டியில் அந்தக் கைவேலை கூடாது. ஓடும்போது ரெயிலில் ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம். ஊசிமுனையளவு கசிவு தோலுக்குள் டீசலை ஏற்றிவிடும். வலி முதலில் பெரிதாகத் தெரியாதாம். விரலை எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு.

*

கிராங்க் சென்சார். கட்டைவிரல் அளவுதான்.

அதன் எதிரே ஒரு பல் சக்கரம். பல வண்டிகளில் 60 பல்லுக்கான இடம், இருப்பது 58. இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள்.

அந்த இல்லாத இரண்டு பல்லை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது.

சிக்னல் வரவில்லை என்றால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. பல வண்டிகளில் இதுதான் நடப்பு. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பார். கொஞ்சம் துடித்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

*

காலையில் எடுக்கும். பகல் பூராவும் ஓடும். டீக்கடையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் எடுக்காது. ஆறியதும் எடுக்கும்.

மெக்கானிக் வருவதற்குள் ஆறிவிடும். அவர் கையில் முதல் தடவையே பிடித்துவிடும். ஓனரை ஒரு மாதிரி பார்ப்பார்.

சூட்டில் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் சென்சார் காயில். சந்தேகம் இருந்தால் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது பழைய வழக்கம்.

*

ஸ்டீயரிங்குக்கு அடியில் 16 முனை சாக்கெட். ஸ்கேனர் செருகினால் பி0335 என்று வரும்.

அதைப் பார்த்ததும் புதுச் சென்சார் வாங்கக் கிளம்புகிறார்கள். அந்த எண் குறிப்பது கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டை. சென்சார் மட்டும் இல்லை அதில். ஒயர் உண்டு, கனெக்டர் உண்டு.

எலியும் உண்டு.

*

பூட்டுக்கடையில் வெட்டிய டூப்ளிகேட் சாவி. கதவு திறக்கும். திரும்பும். செல்ஃப் அடிக்கும். அவ்வளவுதான்.

ஒரிஜினல் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப். பேட்டரி கிடையாது அதற்கு. பூட்டைச் சுற்றியிருக்கும் காயில்தான் அந்த நொடிக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றிலேயே கொடுத்து, பதிலையும் வாங்கிக்கொள்கிறது. ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் இது வேலை செய்யும். ரிமோட் வேறு, சிப் வேறு.

இரண்டு காரின் சாவியையும் ஒரே வளையத்தில் போட்டால் சில சமயம் குழம்பும்.

டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மினுமினுத்தால் பெட்ரோல் லைனைப் பிரிக்க வேண்டாம்.

*

பழைய ஃபோர்டு சிலவற்றில் கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு பட்டன். உள்ளே காந்தத்தின்மேல் ஓர் இரும்புக் குண்டு. வண்டி எங்காவது மோதினால் குண்டு நழுவும், பம்ப் நிற்கும். தீப்பிடிக்காமல் இருக்க.

பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் சில சமயம் நழுவும். குண்டுக்கு வித்தியாசம் தெரியாது.

பட்டனை அமுக்கினால் போதும். அப்படி ஒரு பட்டன் இருப்பதே பலருக்குத் தெரியாது. டோ வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

*

டைமிங் பெல்ட் அறுந்த வண்டியைச் சத்தத்திலேயே சொல்லிவிடலாம். வழக்கமான திணறல் இருக்காது. தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் போட்ட மாதிரி, லேசாக, வேகமாக ஓடும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து எட்டிப் பார். கேம் ஷாஃப்ட் தெரிகிற இஞ்சினாக இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது அது சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் அத்தோடு கையை எடு. சில இஞ்சின்களில் ஒவ்வொரு சுற்றும் வால்வை வளைக்கும்.

*

அம்பாஸடர் காலத்தில் இத்தனை சந்தேகம் இல்லை. பாயின்ட், கண்டென்ஸர், காயில், கார்புரேட்டர். உப்புத்தாளால் பாயின்ட்டைத் தேய்த்தாலே பாதி வழக்கு தீர்ந்தது.

கொல்லிமலை ஏறும்போது, 70 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் நிற்கும். செல்ஃப் அடிக்கும், எடுக்காது. டிரைவர் தோளில் கிடக்கும் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்ப்மேல் போட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பார். கொஞ்சம் தள்ளிப் போய்த்தான்.

பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கும். அந்தப் பம்ப் இஞ்சினோடு ஒட்டியிருந்து டேங்க்கிலிருந்து உறிஞ்சுவது. உறிஞ்சும் குழாயில் ஆவி நிற்கும். இப்போதைய பம்ப் டேங்க்கில் இருந்து தள்ளுகிறது. துண்டுக்கு வேலை இல்லை.

அம்பாஸடர் 2014-இல் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டு.

*

சார்லஸ் கெட்டரிங். 1912 காடிலாக்கில் வந்த எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் அவருடையது. பாயின்ட் வைத்த இக்னிஷனும் அவருடையது.

அதற்கு முன் கைப்பிடி. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்கச் சொல்லுவார்கள். சுற்றிப் பிடித்தால், இஞ்சின் பின்னுக்கு உதைக்கும்போது விரல் போகும்.

*

ஸ்டார்ட்டர் இஞ்சினைச் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று, கொஞ்சம் முன்னே பின்னே. பேட்டரி நொந்திருந்தால் அதற்கே சரியாகிவிடும். வோல்டேஜ் 9-க்குப் பக்கம் விழும். செல்ஃப் அடிக்கும், கம்ப்யூட்டர் கண் மூடிக்கொள்ளும். பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃப்தான் அடிக்கிறதே என்று சாதிப்பார்கள்.

செல்ஃப் அடிப்பதை வைத்துப் பேட்டரிக்குச் சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது.

*

அடித்து அடித்து பிளக் நனைந்துவிட்டதா. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் அடி. பல இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டிகளில் இதற்குப் பொருள் "பெட்ரோலை நிறுத்து, காற்றை மட்டும் விடு." மிதித்தால் பெட்ரோல் கூடும் என்பது கார்புரேட்டர் பழக்கம்.

பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதே. ஸ்டார்ட்டர் ஆறட்டும்.

*

கம்ப்ரஷன் குறைவா. பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி கேஜ் வை. முள் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு.

பத்துப் பைசா செலவில்லாத சோதனை. முடிவுதான் செலவு.

*

பொறி இருக்கிறது. பிரஷர் இருக்கிறது. கம்ப்ரஷன் இருக்கிறது. ஸ்கேனரில் ஒன்றும் இல்லை.

அப்போது டேங்க்கில் இருப்பது என்ன என்று பாருங்கள். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்.

கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில், அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்க்கை இறக்கிக் காலி செய்யச் சொல்லுங்கள். சென்சார் எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.