மலைக்கு ஒரு வண்டு

தென்னாப்பிரிக்காவின் கேப் மலைகளில் கொலோபோன் என்றொரு மான்கொம்பு வண்டுப் பேரினம் உண்டு. பறக்காது. வெயில் காயும் பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்கு நடந்தும் போகாது. அதனால்தான் மலைக்கு மலை இனம் மாறுகிறது. முதல் இனம் 1832லேயே விவரிக்கப்பட்டுவிட்டது.

இந்த வண்டுகளை ஆராய்ந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் கெப்பல் பார்னார்ட். ஓர் அருங்காட்சியகத்தில் நண்டு, இறால் வகையறாக்களை ஆராய்ந்த மனிதர். மலையேற்றப் பித்து வேறு. இந்த வண்டு உயிரோடு அகப்படுவது அபூர்வம். பாறையிடுக்கில் கிடக்கும் தலை, கால், உடைந்த ஓடு, பல நேரம் அவ்வளவுதான் கிடைக்கும். தாடையின் வளைவையும் முன்காலின் வடிவத்தையும் ஒப்பிட்டு, ‘இது வேறு இனம்’ என்று எழுதித் தர எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1929, 1932 ஆண்டுகளில் பல இனங்களை விவரித்தார். 1988இல் விவரிக்கப்பட்ட ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கொலோபோன் பார்னார்டி.

வண்டு சேகரிப்பாளர்களும் அவர் பின்னாலேயே மலையேறிவிட்டார்கள் என்பதுதான் எரிச்சல்.