முடிச்சூருக்கு வந்த தண்ணீர்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் பலர் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் திட்டுகிறார்கள். டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது உண்மை. ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைமாட்டில் இருக்கின்றன. அங்கே வீடுகளை மூழ்கடித்த தண்ணீரைத் திறந்துவிட்டது யார்?

ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து மழை தானாக ஓடி வந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது.

அந்தப் பக்கம் நெல் விளைந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். முழங்காலுக்கும் குறைவான வரப்புதான். ஆனால் ஒரு ஏக்கரில் 10 செ.மீ. தண்ணீரை அது நிறுத்தினால் 4 லட்சம் லிட்டர். மேல்வயல் நிறைந்து கீழ்வயலுக்கு, அங்கிருந்து தாங்கலுக்கு, தாங்கல் நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு. இடையில் மண்ணும் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். மிச்சம் ஆற்றுக்கு வந்து சேர நாள் கணக்காகும். அதே ஏக்கரை மனை போட்டு, தார்ச்சாலை, சிமென்ட் முற்றம், மொட்டைமாடி என்று மூடிவிட்டால் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே ஆற்றில் இறங்கிவிடும். ஊரே முதல் பந்திக்கு வந்து நின்றால் பரிமாறுபவன் என்ன செய்வான்?

நியாயமாகப் பேச வேண்டும். நவம்பர் முழுக்கக் கொட்டி மண் ஊறிக் கிடந்த நேரத்தில் 49 செ.மீ. பெய்தால், எல்லாம் வயலாகவே இருந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும். நிலம் மாறியதன் விலை சாதாரண மழையில்தான் நன்றாகத் தெரிகிறது. முன்பு வயலோடு முடிந்துபோன 10 செ.மீ. மழைக்கே இப்போது தெரு நிறைகிறது. சித்திரையில் அதே தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது. மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிட்டால் இந்த இரண்டும்தான் நடக்கும்.

வடிகால் கட்டுகிறார்கள், வேண்டியதுதான். ஆனால் வடிகால் தண்ணீரை இன்னும் வேகமாகக் கீழே தள்ளும். முடிச்சூர் தப்பினால் சைதாப்பேட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே இருக்கிற ஏரி, தாங்கல்களைத் தூர் எடுத்து, வரத்துக்கால்களைத் திறந்துவிடாமல் கீழே எத்தனை கோடி கொட்டினாலும் போதாது.

பிள்ளைகளுக்கு மனை வாங்கப் போகிறவர்களே, பட்டாவோடு நிறுத்தாதீர்கள். கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்கி, வாய்க்கால் எந்தப் புல எண் வழியாகப் போனது என்று பாருங்கள். சித்திரை வெயிலில் இடத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசியில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.