‘வேற ஒண்ணும் இல்லையே?’

செவ்வாய்க்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மினி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து இறங்குகிறார்கள். புருஷன்மார் பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அங்கேயே செல்போனோடு நின்றுகொள்கிறார்கள். படி ஏறி உள்ளே வருபவர்கள் மாமியார், அம்மா, நாத்தனார்.

எனக்குப் பிரஷர் மாத்திரை வாங்கும் வேலை. மருந்தாளுநர் வர நேரமாகும் என்றார்கள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சுவரோரம் பதினைந்து பேர் இருக்கும். எல்லார் மடியிலும் தாய்-சேய் நல அட்டை. 300 மில்லி தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்து ஆளுக்கொரு டம்ளர் கொடுக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவள் உண்டு, பாதியில் குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறவள் உண்டு. குடித்து முடித்தால் இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பார்கள். வேறு வேலை இல்லாத இரண்டு மணி நேரம் என்பது இந்தப் பெண்களுக்கு வாரத்தில் கிடைக்காத ஒன்று. அதனால் பெஞ்சில் பேச்சு கொடிகட்டிப் பறக்கிறது.

மஞ்சள் சுடிதார் போட்ட பெண் மட்டும் அதில் சேரவில்லை. ஐந்து மாதம் இருக்கலாம், தலைப்பிள்ளை. ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாறி மாறி உட்காருகிறாள். சுவரில் ஒட்டியிருக்கும் இரும்புச்சத்து போஸ்டரைப் படிப்பதுபோல் எழுந்து நிற்கிறாள். கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறாள். வந்ததும் ஒயர்கூடையை மடியில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்திருக்கிறாள்.

“ஏன்டி, எறும்புப் புத்துல உக்காந்த மாதிரி நெளியுற?”

“ஒண்ணுமில்லத்தை.”

மாமியார் விடவில்லை. குனிந்து ஏதோ கேட்டார். அவள் காதோரம் ஏதோ சொன்னாள். மாமியார் நிமிர்ந்து, பெஞ்சுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்: “எல்லாம் சூடு. மாசமா இருக்குறப்ப வெள்ளைபடத்தான் செய்யும். வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி.” பக்கத்திலிருந்த அம்மா இளநீரைச் சிபாரிசு செய்தார். இன்னொருத்தி, மெடிக்கலில் கேட்டால் ஒரே ஒரு மாத்திரை தருவான், ஒரே நாளில் நின்றுவிடும், தன் அக்காவுக்கு நின்றது என்றாள். நம்மூரில் இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் சூட்டின் மேல் பழியைப் போட்டுவிடுவது வசதி. அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவேண்டியதில்லை. அந்தப் பெண் தலை குனிந்து அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மேசையில் இருந்தது சின்ன வயது நர்ஸ். எடை, பிரஷர், ரத்த அளவு, ஸ்கேன் தேதி எல்லாவற்றையும் எழுத வேண்டும், அப்புறம் கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். எழுதி முடித்த கையோடு, தலை நிமிராமல் ஒவ்வொருத்தியிடமும் கேட்டது: “வேற ஒண்ணும் இல்லையே?” வருகிறவர்கள் எல்லாரும், “ஒண்ணுமில்ல சிஸ்டர்.” கேள்வியிலேயே பதில் இருந்தது. அந்த நர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மத்தியானத்துக்குள் வரிசை முடிய வேண்டும். ஆனால் மஞ்சள் சுடிதாரும் அதே பதிலைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பத்தரை மணிக்கு மேல் கிராமத்து நர்சம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கைப்பையை ஆணியில் மாட்டும்போதே வரிசையை ஒரு சுற்றுப் பார்த்தார். நேராக மஞ்சள் சுடிதாரிடம் போய், “வா தாயி, ஒரு நிமிஷம்” என்று திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். எழுந்த மாமியாரை, “நீங்க இருங்கம்மா” என்று உட்காரவைத்தார்.

திரை என்பது வெறும் துணி. பெஞ்சின் அந்த முனையில் இருந்த எனக்குக் காதை மூடிக்கொள்ள வழியில்லை. தரைக்கு டைல்ஸ் போட்டவர்கள், முகப்புக்கு வளைவு கட்டியவர்கள், இந்த அறைக்கு ஒரு கதவு போட்டிருக்கலாம்.

“வெள்ளைபடுதா? கெட்டியாவா, தண்ணியாவா?”

“திட்டுத்திட்டா... தயிர் மாதிரி.”

“அரிப்பு?”

“ராத்திரியில தாங்க முடியல சிஸ்டர்.”

“வாடை அடிக்குதா? ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?”

“வாடை இல்ல. எரியுது.”

“எத்தன நாளா?”

“பொங்கலுக்கு முன்ன இருந்து.”

பொங்கல் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. “அதுக்கு என்ன பண்ணுன?” அவள் சொல்வது கேட்கவில்லை. நர்சம்மா சொன்னது கேட்டது: “டெட்டால ஊத்திக் கழுவலாமா? புண்ணுல போயி எரிச்சலக் கூட்டிக்கிட்டியே.”

டாக்டரம்மா வந்து பார்த்தார். பூஞ்சைத் தொற்று. கர்ப்பத்தில் ஹார்மோன் கூடுவதால் இது சகஜமாக வரும் என்றார். ராத்திரி படுக்கும்போது உள்ளே வைத்துக்கொள்ள க்ளோட்ரிமசோல் மாத்திரை எழுதினார். ஏழு ராத்திரி. நடுவில் அரிப்பு நின்றாலும் ஏழையும் வைத்து முடிக்க வேண்டும். மூத்திரத்தையும் பரிசோதிக்கச் சொன்னார். எரிச்சல் புண்ணாலும் வரும், மூத்திரக் கிருமியாலும் வரும். வெள்ளைபடுதலுக்கென்று அரசாங்கம் கொடுக்கும் பச்சை நிற மருந்துப் பொட்டலம் ஒன்று உண்டு. விழுங்குகிற பூஞ்சை மாத்திரை அதில் இருக்கிறது. கர்ப்பிணிக்கு அதைத் தவிர்ப்பார்கள், முதல் மூன்று மாதங்களில் முக்கியமாக. பெஞ்சில் சொன்னார்களே, அந்த ஒருநாள் மாத்திரையும் பெரும்பாலும் அதே சரக்குதான்.

“பிள்ளைக்கு ஏதும் ஆயிருமா?” என்று அவள் கேட்டபோது குரல் உடைந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவளைத் தின்றுகொண்டிருந்தது அரிப்பு மட்டுமில்லை.

“இதனால பிள்ளைக்கு ஆபத்து வராது. சர்க்கரை இருந்தா இது திரும்பத் திரும்ப வரும், அதையும் பாத்துருவோம்” என்றார் டாக்டரம்மா. பிற்பாடு முடிவு வந்தது: 118. இரண்டாவது மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால்தான் கர்ப்பகாலச் சர்க்கரை என்பார்கள். மாமியார் அட்டையை வாங்கி அந்த எண்ணையே இரண்டு தடவை பார்த்தார்.

இதற்குள் வரிசையில் கடைசியாக இருந்த நீலச் சேலைக்காரியிடம் நர்சம்மா வந்திருந்தார். இரண்டாம் பிள்ளைக்காரி, எட்டாம் மாதம். எல்லாரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள்தான். அதே கேள்வியைத்தான் அவளிடமும் கேட்டார். “வெள்ளைதான் சிஸ்டர், நேத்து ராத்திரியில இருந்து பாவாடை நனைஞ்சுக்கிட்டே இருக்கு. மூணு தரம் மாத்திட்டேன்.”

நர்சம்மாவின் முகம் மாறியது. அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பெஞ்சின் மரம் ஈரமாக இருந்தது. உள்ளே படுக்கவைத்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு மிஷினில் குதிரைக் குளம்படியாகக் கேட்டதும் எல்லாரும் மூச்சு விட்டோம். “யாரும் உள்ள கைய வச்சுப் பாக்க வேணாம், கிருமி ஏறிரும். நேரா பெரியாஸ்பத்திரி” என்றார் டாக்டரம்மா. தண்ணிக்குடம் உடைந்து சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கவும், பிறகு மினி பஸ்ஸில், பிறகு இந்தப் பெஞ்சில். 108 வந்தது. வேப்பமரத்தடியில் நின்ற அவள் புருஷன் ஸ்ட்ரெச்சரைப் பார்த்த பிறகுதான் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான்.

வண்டி போன பின் பெஞ்சு அடங்கிக் கிடந்தது. நர்சம்மா நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க பாருங்க. மாசமா இருந்தா வெள்ளை கூடத்தான் செய்யும். பால் கலந்த தண்ணி மாதிரி, அரிப்பு இல்லாம, கெட்ட வாடை இல்லாம போனா பயமே இல்ல, பருத்தி ஜட்டி போடுங்க, ஈரத்தோட இருக்காதீங்க, போதும். தயிர் மாதிரி வந்து அரிச்சா இங்க வாங்க. சாம்பலா, தண்ணியா, மீன் கவுச்சி அடிச்சா அதுக்கு மாத்திரை வேற. அத விட்டா சில பேருக்கு மாசம் நெறையாமலே வலி வந்துரும். பச்சையா, மஞ்சளா நுரைச்சா வீட்டுக்காரருக்கும் சேத்து மருந்து சாப்பிடணும்.” இந்த இடத்தில் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “சிரிக்காதீங்கடி, அங்க மரத்தடியில நிக்கிறவரக் கூட்டிட்டு வாங்க. அப்புறம், தண்ணி மாதிரி நிக்காம போனா, ரத்தம் பட்டா, காய்ச்சலோட அடிவயிறு வலிச்சா, பிள்ளை அசைவு கொறஞ்சா, செவ்வாக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் கெளம்பிரணும்.”

மாமியார் ஒருத்தர், “இதையெல்லாம் எப்படிம்மா வாய்விட்டுச் சொல்லுறது?” என்றார்.

“நீங்க சொல்ல வேணாம். நாங்க கேக்குறோம். கேட்டா ஆமான்னு சொல்லச் சொல்லுங்க” என்றார் நர்சம்மா. மேசையிலிருந்த சின்ன நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்து வந்த பெண்ணிடம் அது, “வெள்ளைபடுதாக்கா? அரிப்பு இருக்கா?” என்று கேட்டது. “ஆமா சிஸ்டர்” என்று உடனே பதில் வந்தது.

பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரியிலும் ஒரு செவிலியர் பணியில் இருக்கிறார். நேரில் கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் 104-ஐக் கூப்பிடலாம். எந்த நேரத்திலும் தமிழில் பேசுகிறார்கள். தண்ணீரோ ரத்தமோ போனால் 108.