சீவ வேண்டியதும் சீவக்கூடாததும்

ரப்பர் மரத்துப் பால்வெட்டுத் தொழிலின் முதற்பாடம், எதைச் சீவலாம், எதைச் சீவக்கூடாது என்பதே ஆகும். கத்தி பட்டையின் மெல்லிய படலத்தைச் சீவும்போது பால் வடிகிறது. அதற்கும் உள்ளே, தண்டை ஒட்டியுள்ள வளர்படையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடுகிறது. நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்கள் தலைமுறைகளாக அறிந்த இந்த நிதானம், பழைய காரின் எஞ்சினில் கை வைக்கும்போதும் தேவைப்படுகிறது.

1985 ஜூலையில் மலேசியாவின் முதல் தேசியக் காராக வெளிவந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷியின் லேன்சர் ஃபியோரேவை அடியொற்றியது. அக்காலத்து ஜப்பானிய வகை எஞ்சின்களில், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைச் சுற்றி மெல்லிய குழாய்கள் பின்னிக் கிடக்கும். எஞ்சினின் உறிஞ்சுவிசையால் இயங்கும் அவற்றில் ஒரு பகுதி, நச்சுப்புகையைக் குறைக்கும் கருவிகளுக்குச் செல்கிறது. தோட்டத்து மரம் தரும் இயற்கை ரப்பர் பெட்ரோலும் எண்ணெயும் பட்டால் உப்பி நைந்துபோகும் என்பதால், இக்குழாய்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனவை. ஆயினும் அதுவும் எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து இறுகிவிடுகிறது. குழாயின் நுனியை விரலால் மடக்கினால், வறண்ட வயல்போல வெடிப்புகள் தெரிகின்றன. அவற்றின் வழியே கணக்கில் வராத காற்று நுழைவதால் கலவை மெலிந்து, கார் நிற்கும்போது எஞ்சின் குலுங்குகிறது. அப்போது எல்லாக் குழாய்களையும் பிடுங்கிவிட்டுத் துளைகளைத் திருகாணியால் அடைப்பது எளிய வழியாகத் தோன்றினாலும், பழுதுபட்டது குழாயே அன்றிக் கருவி அல்ல என்பதை முதலில் உணர வேண்டும்.

கருவிகளுள் புகை மீள்சுழற்சி வால்வு, எரிந்த புகையில் சிறு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பி, எரிதலின் உச்ச வெப்பத்தைத் தணிக்கிறது. மிகுந்த வெப்பத்தில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் வினைபுரிவதே லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கண்ணெரிக்கும் புகைமூட்டத்துக்குக் காரணம் என்பதை, 1950களில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற அறிவியலாளர் விளக்கினார். கரி படிந்து திறந்தபடியே சிக்கிய வால்வு எஞ்சினைக் குலுங்கச் செய்யும் என்பது உண்மைதான். அந்தக் கரியைச் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் குறை தீர்ந்துவிடுகிறது.

விரல் நீளமே உள்ள மற்றொரு வால்வைக் கழற்றுவது எஞ்சினுக்கே தீங்காகும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த்தொட்டிப் பகுதிக்குக் கசியும் வாயுவை இது உறிஞ்சி, மீண்டும் எரிய அனுப்புகிறது. இதைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளேயுள்ள சிறு உலோகத் துண்டு ‘கடக் கடக்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிடில் எண்ணெய்ப் பிசினால் அடைபட்டிருக்கிறது என்று பொருள். வாயு போக வழியின்றி இதை அடைத்துவிட்டால், உள்ளழுத்தம் பெருகி எண்ணெய் சீல்கள் கசியத் தொடங்கும்.

மூன்றாவது, கரிக்குடுவை ஆகும். தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றிலிருந்து செய்யப்படும் கிளர்வூட்டிய கரி நிரம்பிய இக்குடுவை, பெட்ரோல் தொட்டியிலிருந்து எழும் ஆவியைப் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது எரியக் கொடுக்கிறது. புகைபோக்கியிலிருந்து வெளிவருவதை மலேசியாவின் 1996ஆம் ஆண்டுப் பெட்ரோல் எஞ்சின் விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் கரிக்குடுவையோ கார் ஓடாதபோதும் உழைக்கிறது. தோட்டத்து லயத்தில் கார் நிற்குமிடம் வீட்டு வாசலே ஆதலால், நண்பகல் வெயிலில் தொட்டி சூடேறும்போது எழும் ஆவி, குடுவை இல்லையேல் சில அடி தூரத்தில் திறந்திருக்கும் சன்னல் வழியே, உள்ளே தொட்டிலில் உறங்கும் பிள்ளையின் மூச்சில் கலக்கிறது.