ஹன்லான் வலித்த துடுப்பு

ரொறன்ரோவிலிருந்து ஒரு மடல்



ஒன்ராறியோ ஏரித் தீவுகளுக்குப் போகும் படகுகள் கரைதட்டும் துறைகளில் ஒன்று ஹன்லான் முனை. அது யாருடைய பெயர் என்று கேட்டால் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளே உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஒரு காலத்தில் உலகமே அறிந்த பெயர் அது.

துடுப்புப் படகு வீரர் நெட் ஹன்லான் 1855இல் பிறந்தவர். தகப்பன் தீவில் ஹோட்டல் நடத்தினார். அங்கே கள்ளமாக மது கொண்டுவந்த விவகாரத்தில் 1876இல் பொலிஸ் தேட, பையன் பிலடெல்பியா படகுப் போட்டிக்கு நழுவிவிட்டான். வென்று திரும்பியவனை ஊரே கொண்டாடியது. வழக்காவது ஒன்றாவது!

படகில் முன்னும் பின்னும் நகரும் இருக்கை அப்போது புதிது. மற்றவர்கள் முதுகையும் கையையும் நம்பி இழுத்துக்கொண்டிருக்க, இவர் காலை ஊன்றி உதைத்து, இருக்கையோடு பின்னால் போய், தொடையின் பலம் அத்தனையையும் துடுப்பில் இறக்கினார். ஐந்தே முக்கால் அடி உயரக்காரருக்கு அது போதுமாயிருந்தது. 1880 நவம்பர் 15, தேம்ஸ் நதி. எதிரே ஆறடிக்கு மேல் வளர்ந்த அவுஸ்திரேலியர் எட்வர்ட் டிரிக்கெட். ஹன்லான் நடுவழியில் மயங்கி விழுந்தவர்போலப் பாசாங்கு செய்து, எழுந்து, மறுபடி வலித்து உலகப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். தோற்கிறவனை இப்படிச் சீண்டியது எனக்குப் பிடிக்கவில்லை. கரையில் நின்ற சனத்துக்கு அதுதான் பிடித்தது.

காசு புரண்ட விளையாட்டு அது. 1879இல் போட்டிக்கு முந்திய இரவு அமெரிக்கர் சார்ல்ஸ் கோர்ட்னியின் படகுகளை யாரோ வாளால் அறுத்துவிட்டார்கள். மறுநாள் ஹன்லான் தனியே வலித்து முடித்தார். அறுத்தது யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

1884இல் சிட்னியின் பரமட்டா ஆற்றில் வில்லியம் பீச் என்ற கொல்லர் அவரை வீழ்த்தினார். பிறகு ஹன்லான் பயிற்சியாளர், நகரசபை உறுப்பினர்; 1908இல் நியூமோனியாவால் இறந்தபோது வயது 52.

பட்டத்தைப் பறித்த நாடும் அவரை மறக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் மக்குவாரி ஏரிக்கரையில் எழுந்த ஊர் ஒன்றுக்கு, ஹன்லானுக்கு மரியாதையாக அவருடைய நகரத்தின் பெயரையே வைத்தார்கள். சிட்னியில் இருக்கும் வாசகர்களே, வடக்கே நியூகாசில் பக்கம் போனால் அந்த ரொறன்ரோவையும் ஒருதரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.