சுவரில் எழுதிய கணக்கு

நாடகத்துக்கும் எண்கணக்குக்கும் உறவில்லை என்று நாம் வகுப்பிற் பன்முறை கூறியதுண்டு. உள்ளத்தை உருக்குவது மனிதர் கதை. எண்கள் அறிக்கைக்குரியன என்பது நம் கருத்து. அக்கருத்தை மாற்றியது ஓர் அமெரிக்க நாடகம்.

1981 ஜூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் நகர இளைஞர் ஐவரை அரிய நுரையீரல் நோயொன்று பற்றிய செய்தி மருத்துவ அறிக்கையொன்றில் வெளிவந்தது. பின்னர் எயிட்ஸ் எனப் பெயர் பெற்றது அதுவே. அமெரிக்காவில் தொடக்கத்தில் அதற்குப் பலியானோருட் பெரும்பாலோர் தம் பாலாரையே விரும்பும் ஆடவர். சமூகம் முன்னரே ஒதுக்கியவர்களாதலின், அவர்தம் சாவைப் பற்றிப் பேசுவார் அரிதாயினர்.

அவர்களுள் ஒருவராய் நியூயோர்க்கில் வாழ்ந்த எழுத்தாளர் லாரி கிரேமர், 1985 இல் 'த நோர்மல் ஹார்ட்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். மேடையின் வெண்சுவரில் நோயாளர் தொகை எழுதப்பட்டிருந்தது. தொகை ஏறுந்தோறும் பழைய எண்ணைக் கோடிட்டுவிட்டுப் புதியதை அதன் கீழ் எழுதினர். இன்னொரு கணக்கும் அங்கிருந்தது. 1982 இல் நஞ்சு கலந்த மாத்திரையால் எழுவர் இறந்ததைப் பற்றி மூன்று மாதங்களில் 54 முறை எழுதிய பெரும் பத்திரிகை, இந்நோயைப் பற்றி முதல் 19 மாதங்களில் எழுதியது 7 முறையே!

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாமும் நாள்தோறும் கணக்கெழுதுபவரன்றோ? அந்நாள்களில் ஒரு மாணவனை எட்டு நாளாக வராதவன் என்று இடாப்பிற் குறித்து வந்தோம். ஏனென்று எவரையும் கேட்டிலோம். மறுநாள் மாலை அவன் வீடு சென்றோம். படுக்கையிற் கிடந்த தாய்க்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டெழுந்தான்.

"சேர், நீங்களோ வந்தனீங்கள்?"

அவ்வியப்பே நமக்குத் தண்டனையாயிற்று.

கிரேமரின் சுவரோ எண்ணியதோடு அமையவில்லை. எதிரே இருந்தவரைக் கேள்வி கேட்டது. 1987 மார்ச்சில் அவர் தூண்டுதலால் 'அக்ட் அப்' இயக்கம் தோன்றிற்று. மறு ஆண்டு அக்டோபரில் அதன் தொண்டர்கள், புதிய மருந்துகளை விரைந்து வழங்கக் கோரி, மருந்துகளுக்கு அனுமதியளிக்கும் அரச அலுவலகத்தின் முன் அட்டையாற் செய்த கல்லறைக் கற்களை ஏந்திக் கிடந்தனர். நாடகம் வீதிக்கு வந்துவிட்டது. 2011 இல் அந்நாடகம் மீண்டும் நியூயோர்க்கில் மேடையேறியபோது, முதுமையிலும் கிரேமர் அரங்க வாயிலில் நின்று துண்டுப் பிரசுரம் வழங்கினார். 2020 இல் அவர் காலமானார்.

இப்போதெல்லாம், நாம் அழைக்கும் பெயருக்கு மறுமொழி வராதபோது, குறியிடுமுன் வகுப்பை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறோம்: "அவனுக்கு என்ன?"